காணாமல் போன வளர்ப்பு விலங்கைத் தேடுதல்

காணாமல் போன வளர்ப்பு விலங்கைத் தேடுதல் என்பது, வீட்டை விட்டு வெளியேறித் திரும்பாத நாய், பூனை போன்றவற்றைக் கண்டுபிடித்து மீட்கும் முறைகளைக் குறிக்கும். நாயையும் பூனையையும் ஒரே முறையில் தேடுவது பெரும்பாலும் பயன் தராது. இராணிப்பேட்டை மாவட்டத்திலுள்ள கலவை பேரூராட்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறைகள் இங்கு விளக்கப்படுகின்றன.

காரணங்கள்

தீபாவளி வெடிச் சத்தம், இடி, திறந்து கிடக்கும் வாயிற்கதவு, வீடு மாறுதல், இணை தேடி அலைதல் ஆகியவை பொதுவான காரணங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் ஓடும் முயலையோ ஆட்டையோ கண்டால் துரத்திக்கொண்டு நெடுந்தொலைவு சென்றுவிடும்.

பூனையைத் தேடுதல்

வழிதவறிய பூனை பெரும்பாலும் தொலைவில் செல்வதில்லை, அருகிலேயே ஒளிந்துகொள்ளும். காணாமல் போன பூனைகள் குறித்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மீட்கப்பட்ட பூனைகளில் நான்கில் மூன்று பங்கு, அவை தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் கிடைத்தன. நேரில் சென்று தேடுவது பூனை உயிருடன் கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டுவதையும் அவ்வாய்வு காட்டியது.

எனவே வைக்கோல் போர், விறகுக் குவியல், மாட்டுக் கொட்டகை, பூட்டிய வீட்டின் பின்புறம், மொட்டை மாடி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அண்டை வீட்டாரிடம் "பார்த்தீர்களா?" என்று கேட்பதோடு நில்லாமல், அவர்கள் அனுமதியுடன் உள்ளே சென்று பார்ப்பது நல்லது. அச்சமுற்ற பூனை உரிமையாளர் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காமல் இருக்கலாம். ஊர் அடங்கிய பின் கைவிளக்கு அடித்தால் அதன் கண்கள் ஒளிரும்.

நாயைத் தேடுதல்

நாய் பல கிலோமீட்டர் செல்லக்கூடும். 2024இல் பண்டரிபுரத்தில் யாத்திரையின்போது தொலைந்த 'மகாராஜ்' என்ற நாய், கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்திலுள்ள தன் ஊருக்குச் சுமார் 250 கிலோமீட்டர் கடந்து திரும்பியதாகச் செய்திகள் வெளியாயின. இத்தகைய நிகழ்வுகள் அரிது. ஆகவே தானே வந்துவிடும் என்று காத்திருத்தல் கூடாது.

நாய் கண்ணில் பட்டால் துரத்தக் கூடாது. துரத்தினால் பழகிய நாயும் மிரண்டு சாலையில் பாயும். சற்றுத் தள்ளிப் பக்கவாட்டாக உட்கார்ந்து, மெல்லிய குரலில் பெயர் சொல்லி, உணவைக் காட்டி அழைக்க வேண்டும்.

தகவல் பரப்புதல்

விடியற்காலையில் நடமாடுவோரே நாயைப் பார்க்கும் வாய்ப்பு மிகுதி. பால்காரர், நாளிதழ் போடுபவர், தூய்மைப் பணியாளர், ஆடு மேய்ப்பவர், தேநீர்க் கடைக்காரர் ஆகியோரிடம் படத்தைக் காட்டலாம். கலவையை அடுத்துள்ள ஆரணி, செய்யாறு பகுதிகள் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தவை என்பதால், அங்குள்ள வாட்சப் குழுக்களுக்கும் செய்தி அனுப்புவது பயன்படும்.

அறிவிப்பில் விலங்கின் ஓர் அடையாளத்தை மட்டும் வெளியிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கேட்டு அழைப்பவர் அந்த அடையாளத்தைச் சொல்ல இயலாவிட்டால் பணம் அனுப்பக் கூடாது.

அலுவலகங்களில் விசாரித்தல்

பேரூராட்சி அலுவலகம், கால்நடை மருந்தகம், காவல் நிலையம் ஆகியவற்றில் முதல் நாளே தெரிவிப்பது நல்லது. கழுத்துப்பட்டை இல்லாத வளர்ப்பு நாய் தெருநாயாகக் கருதப்பட்டுப் பிடிக்கப்படலாம். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்கள் கருத்தடைக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடப்பட வேண்டும். ஆனால் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம் போன்ற வளாகங்களில் பிடிபட்ட நாய்களை மீண்டும் அங்கே விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. எனவே விசாரிக்கத் தாமதித்தால் நாய் வேறிடம் கொண்டு செல்லப்பட்டுவிடலாம்.

மீட்ட பின்

மீட்ட விலங்கைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, கடிபட்ட காயம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அது யாரையேனும் கடித்திருந்தால், அவர் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முன்னெச்சரிக்கை

தோலுக்கடியில் செலுத்தப்படும் மைக்ரோசிப்பில் 15 இலக்க எண் இருக்கும். அது விலங்கு இருக்கும் இடத்தைக் காட்டாது. படிப்பான் கருவியை அருகில் வைத்தால் மட்டுமே எண் தெரியும். ஆகவே தொலைபேசி எண் எழுதிய கழுத்துப்பட்டையும் தேவை. கண்டெடுப்பவர் எவரும் அதைப் படித்து உடனே அழைக்க முடியும்.