கொழும்பில் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் பயணப் பாதுகாப்பும்

நிலத்தை விட்டு இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களிலிருந்து ஒரு பிள்ளையாவது கொழும்புக்கு வேலை தேடிப் போவது வழமையாகிவிட்டது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையில் தங்கி, கொம்பனித்தெருப் பக்கமுள்ள கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கட்டட வேலைகளுக்கும் போய் வருகிறார்கள். பிள்ளையை அனுப்பும் முன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து அறிந்துகொள்ள வேண்டிய சில விடயங்களை இங்கே தருகிறோம்.

தண்டவாளம் நடைபாதையன்று

வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் புகையிரதம் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி நிலையங்களைத் தாண்டிக் கொம்பனித்தெருவை அடைகிறது. கொட்டாஞ்சேனையில் இருப்போர் பஸ்ஸில் புறக்கோட்டைக்கு வந்து, கோட்டை நிலையத்தில் புகையிரதம் ஏறலாம்.

இப்பாதையின் பெரும்பகுதி கடலை ஒட்டிச் செல்கிறது. அலை இரைச்சலிலும் காற்றிலும் வண்டி வரும் சத்தம் கேட்காமற் போகலாம். இங்கே இரட்டைத் தண்டவாளம். ஒரு வண்டி போனதும் வழி திறந்துவிட்டதென்று கால் வைப்பவர், மறுபுறமிருந்து வரும் வண்டியைக் காண்பதில்லை. ஓடும் புகையிரதம் தடை போட்டவுடன் நிற்காது. சாரதி உங்களைக் கண்டாலும் பல நூறு மீற்றர் ஓடியே நிற்கும்.

வன்னியில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால், குறுக்குவழியென்றாலும் நாம் அதில் இறங்கியதில்லை. தண்டவாளத்தையும் அப்படியே கருத வேண்டும். கடவையிலோ மேம்பாலத்திலோ மட்டும் கடக்கவும். கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கடக்க வேண்டாம்.

மிதிபலகைப் பயணம்

காலையிலும் மாலையிலும் வண்டிகள் நிறைந்து வழியும். வாசலில் தொங்குபவரைப் பாதையோரக் கம்பங்கள் அடித்துவிடும். உள்ளிருப்போர் நெருக்கும்போது பிடி நழுவும். பத்து நிமிடம் பிந்தினால் முதலாளி ஏசலாம், சம்பளத்திலும் குறைக்கலாம். ஆனால் காலை இழந்த பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. ஆகவே ஒரு வண்டி முன்னதாகப் புறப்படும் பழக்கமே நல்லது.

பஸ்ஸில் ஏறுவதும் இறங்குவதும் அது முற்றாக நின்ற பின்பே. இறங்கியவுடன் பஸ்ஸின் முன்னால் குறுக்கே ஓட வேண்டாம். பின்னால் வரும் வாகனம் உங்களைக் காணாது. போட்டி ஓட்டத்தின் விபரீதத்தை 2005 ஏப்ரல் 27ஆம் திகதி பொல்கஹவெலப் பகுதியில் நாடு கண்டது. மூடியிருந்த புகையிரதக் கடவையைத் தாண்ட முயன்ற பஸ்ஸை வண்டி மோதியதில் 35க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாரதி ஆபத்தாக ஓட்டினால் பயணிகள் சேர்ந்து கண்டிக்கலாம். பஸ் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு 1955 என்ற தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் இலக்கத்துக்கு முறையிடலாம்.

பெண் பிள்ளைகள்

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் செய்த ஆய்வில், பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாக 90 வீதமான பெண்கள் கூறினர். பொலிசாரின் உதவியை நாடியோர் 4 வீதம் மட்டுமே. ஆகவே இது ஒரு பிள்ளையின் உடையாலோ நடத்தையாலோ வருவதன்று. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி இது ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

தொந்தரவு செய்பவனை உரத்த குரலில் அதட்டுவது பலவேளை பயன் தரும். நடத்துநரிடம் சொல்லலாம், பெண்களுக்கான 1938 இலக்கத்தையும் பொலிசாரின் 119 இலக்கத்தையும் அழைக்கலாம். பெற்றோர்களே, மகள் இதை வீட்டில் சொன்னால் "வேலைக்குப் போனது போதும்" என்று அவளைத் தண்டிக்காதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்தமுறை அவள் எதையும் சொல்லமாட்டாள்.

பொதிகளும் அடையாள அட்டையும்

1996 ஜூலை 24இல் தெகிவளையில் புகையிரதத்தில் வெடித்த குண்டுகளால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2008 ஜனவரி 2இல் கொம்பனித்தெருவிலேயே படையினரின் பஸ் குண்டுக்கு இலக்கானது. போர் 2009இல் முடிந்தபோதும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் பழைய அச்சத்தை மீண்டும் எழுப்பின. எனவே ஊரிலிருந்து அரிசியும் மாங்காயும் கட்டிவரும் உரப்பையைத் தனியே விட்டு அப்பால் போக வேண்டாம். உரிமையாளரில்லாத பொதியைக் கண்டால் தொடாமல் விலகி, நிலைய ஊழியருக்கு அறிவிக்கவும். தேசிய அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும்.

பொலிஸ் நிலையத்தில் தமிழில் கருமமாற்றும் உரிமை அரசியலமைப்பின் 16ஆம் திருத்தத்தால் 1988இல் உறுதிசெய்யப்பட்டது. கொழும்பிலும் இவ்வுரிமை உண்டு. எழுதப்பட்டதை விளங்காமல் கையொப்பமிட வேண்டாம். மொழிபெயர்த்து வாசித்துக் காட்டும்படி பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். யாரேனும் காயமடைந்தால் 1990 இலக்கத்தை அழையுங்கள். இந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணமில்லை.

எரிக்கோ வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு இருவர் ஒதுங்கிப் போனார்கள், ஒருவன் நின்றான். நெரிசலான பஸ்ஸிலும் யாரோ ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் அந்த ஒருவராக இருக்கட்டும்.

குழுவில் கலந்துரையாட:

1. எமது கிராமத்திலிருந்து கொழும்பில் வேலை செய்வோர் எத்தனை பேர்? அவர்களது முகவரியும் தொலைபேசி இலக்கமும் வீட்டாரிடம் உள்ளனவா?
2. புதிதாகப் போகும் பிள்ளையை முதல் வாரம் கூட்டிச்சென்று வழிகாட்ட, ஏற்கெனவே அங்கிருப்போரில் யாரைக் கேட்கலாம்?