மணிக்கட்டுக்குள் எட்டுக் கல்

குமாரலிங்கபுரம் பக்கம் வேப்பமர நிழலில் சொட்டாங்கல் ஆடியிருக்கிறீர்களா? ஒரு கல்லை மேலே போட்டு, தரையில் கிடப்பதை அள்ளி, விழுகிற கல்லையும் பிடிக்க வேண்டும். அதற்குள் மணிக்கட்டு வளைகிறது, நிமிர்கிறது, சாய்கிறது. அந்த மணிக்கட்டுக்குள்ளும் எட்டுக் கல் இருக்கிறது! எட்டுச் சின்ன எலும்புகள். ஒன்று படகு மாதிரி, ஒன்று பிறை மாதிரி, ஒன்று பட்டாணி மாதிரி.

முழங்கால் மூட்டு மாற்றிய பாட்டி உங்கள் தெருவிலேயே இருப்பார். மணிக்கட்டு மூட்டை மாற்றியவரைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் முயற்சி பழசுதான். 1890-லேயே ஜெர்மனியில் குளுக் என்ற மருத்துவர், காசநோய் அரித்த மணிக்கட்டில் யானைத் தந்தத்தால் செய்த மூட்டைப் பொருத்தினார். கை அசைந்தது, சீழ் வடிவதுதான் நிற்கவில்லை. 1960-களில் அமெரிக்காவின் சுவான்சன், வளைந்து கொடுக்கும் சிலிகோனில் செய்தார். வலி குறைந்தது, நாளாக நாளாகப் பலருக்குச் சிலிகோன் ஒடிந்தது. இப்போது உலோகமும் பிளாஸ்டிக்கும்.

ஏன் இவ்வளவு பாடு? முழங்காலில் மேலும் கீழும் தூண் போல எலும்பு. மணிக்கட்டிலோ ஒரு பக்கம்தான் தூண். மறுபக்கம் அந்தச் சொட்டாங்கற்கள். வெடித்த கரிசலில் முளைக்குச்சி அடித்து ஆட்டைக் கட்டிப் பாருங்கள். ஆடு இழுக்க இழுக்கக் குச்சி ஆடத் தொடங்கும். செயற்கை மூட்டும் பெரும்பாலும் அந்தச் சின்ன எலும்புகள் பக்கம்தான் தளர்கிறது.

முடக்குவாதத்தால் மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சையால் வலி நன்றாகக் குறைகிறது. சட்டைப் பொத்தான் போடலாம், தலை வாரலாம். பத்து வருடம் தாண்டியும் பலருக்கு உழைக்கிறது. சிலருக்கு அதற்குள்ளேயே மறுபடி அறுவை. சுமார் 5 கிலோவுக்கு மேல் அடிக்கடி தூக்கக் கூடாது என்பார்கள் மருத்துவர்கள். நம் ஊரில் நிறைகுடமே 15 கிலோ வருமே!

அதனால் பாரம் தூக்கிப் பிழைப்பவர்களுக்குப் பெரும்பாலும் வேறு வழி: உலோகத் தகடு வைத்து எலும்புகளை ஒன்றாக ஒட்ட வைத்துவிடுவார்கள். மணிக்கட்டு வளையாது, ஆனால் வலி நன்றாகக் குறையும், பலம் உண்டு. உள்ளங்கையைத் திருப்பவும் முடியும். அது முன்னங்கை எலும்புகளின் வேலை.

அந்தக் கை எப்படி இருக்கும்? புறங்கையோடு முன்னங்கை சேர்த்து ஓர் அளவுகோலை ரிப்பனால் லேசாகக் கட்டிக்கொள்ளுங்கள். வாளி தூக்கலாம், பூட்டில் சாவி திருப்பலாம். நானும் கட்டிப் பார்த்தேன். சொட்டாங்கல்லில் முதல் கல்லிலேயே அவுட்!