வினாகிரி மணந்தால் பூசாதீர்கள்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ-15 வீதியில், வாகரைக்குச் சற்று முன்னே இருக்கிறது மாங்கேணி. இப்படியான கடற்கரையில் படகு ஜி.பி.எஸ்., மீன்தேடும் கருவி, சோலார் சார்ஜர் போன்றவற்றைக் கெடுக்க அலை வந்து அடிக்க வேண்டியதில்லை, காற்றே போதும். சமையல் உப்பு ஏறத்தாழ 75 சதவீத ஈரப்பதத்தில் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே சுற்றுப்பலகையில் படிந்த கடலுப்பு இங்கே முழுதாக உலர்வதே அரிது. அந்த உப்பீரத்தில் மின்சாரம் பாயும்போது நேர்முனையின் உலோகம் கரைந்து, எதிர்முனையில் மயிரிழை போன்ற கிளைகளாகப் படிந்து வளரும். கிளை மறுபக்கத்தைத் தொட்டதும் ‘ஷோட்’!

இதைத் தடுக்கப் பலர் கையிலெடுப்பது யன்னலுக்கும் குளியலறைக்கும் பூசும் சிலிக்கன். அதில் பல வகை, இறுகும்போது வினாகிரி மணக்கும். அந்த மணம் அசற்றிக் அமிலத்தினுடையது. அது செம்பை அரித்துப் பச்சை பூக்க வைக்கும். பூசியவுடன் பெட்டியை மூடிவிட்டால் ஆவி வெளியேற வழியின்றிச் சேதம் இன்னும் கூடும். குழாயில் ‘நியூட்ரல் கியூர்’ என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கியூடெக்ஸும் வேண்டாம், நாளடைவில் வெடித்து உரியும்.

சுற்றுப்பலகைக்கென்றே விற்கும் பூச்சுகளில் அக்ரிலிக்கைத்தான் நான் முதலில் சொல்வேன். மெல்லியதாகப் பூசினாலே போதும்; பழுது வந்தால் கரைப்பானால் துடைத்தெடுத்து மறுபடி பற்றாசு வைக்கலாம். சூடாகும் பாகங்களுக்குச் சிலிக்கன் பூச்சு பொருந்தும். இரு பாகமாகக் கலக்கும் பொலியூரிதேன் உறுதியானது, ஆனால் அதிலுள்ள ஐசோசயனேற்று மூச்சுக்குழாயைத் தாக்கி ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது. காற்றோட்டமில்லாத அறையில் அதைத் தொடவே கூடாது.

எந்தப் பூச்சானாலும் அடியில் உப்பு இருந்தால் பயனில்லை, அரிப்பு உள்ளேயே தொடரும். வெறும் ஐசோபுரொப்பைல் அல்ககோலில் உப்பு நன்றாகக் கரையாது. பற்றரியைக் கழற்றிவிட்டு முதலில் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, பிறகு அல்ககோலால் துடைத்து, முழுதாக உலரவிடுங்கள். இணைப்பிகள், சுவிட்சுகள் மீது பூச்சுப் படாமல் நாடா ஒட்டுங்கள்.

இந்தப் பூச்சு ஈரக்காற்றிலிருந்து காக்கும்; தண்ணீருக்குள் மூழ்கும் கருவியைக் காக்காது. அதற்கு நீர்புகாப் பெட்டிதான் வேண்டும்.