வலி இல்லாத ரத்தமும் ஆபத்தே

ஏழாம் எட்டாம் மாதத்தில் வலியே இல்லாமல் ரத்தம் பட்டால், "வலிக்கலையே, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். நச்சுக்கொடி கருப்பையின் வாசலை அடைத்துக் கிடந்தால் இப்படித்தான் ரத்தம் வரும். முன்பு ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்தவர்களுக்கு அந்தத் தழும்பிலேயே கொடி வேர்விட்டு ஒட்டிக்கொள்வதும் உண்டு. பிரசவத்தில் அது பிரியாது, ரத்தம் கொட்டும். ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். ரத்தத்தோடு வயிறு கல்லாக இறுகி வலித்தால், கொடி முன்னதாகவே பிரிந்திருக்கலாம். அதுவும் அவசரமே.

மலேசியாவில் 1991 முதல் ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் தனியே விசாரிக்கிறார்கள். ரத்தப்போக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

கர்ப்பிணிப் புத்தகத்தில் சிவப்பு வில்லை ஒட்டினால் உடனே ஆஸ்பத்திரி என்று பொருள். கெலுகோர்க்காரர்களுக்குப் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரி பக்கம்தான். உள்தோட்டத்தில் இருப்பவர்கள் வண்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள்; அவசரத்துக்கு 999.

கணவன்மார்களே! ஒரு நாள் சம்பளம் போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். அவள் உடம்பிலிருந்து போகும் ரத்தத்துக்கு ஈடு, இன்னொருவர் கொடுக்கும் ரத்தம்தான். ரத்த தானத்துக்கு நீங்களும் கை நீட்டுங்கள். நேரத்தோடு வந்தால் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றலாம்.