ஷட்டில் கோர்ட், யோகா ஹால், ஸ்பா: எல்.இ.டி மாட்டியும் கரண்ட் பில் எதிர்பார்த்த அளவு குறையலையா? காரணம் சுவிட்ச்சில் இருக்கு!

இண்டோர் ஷட்டில் கோர்ட்டில் ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் கரண்ட் போகிறது. ஜெனரேட்டர் உடனே ஓடினாலும் விளக்கு எரியாது. 10 நிமிடம் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு உள்ள எல்லா இடத்திலும் இதே கதைதான். ஒருமுறை அணைந்தால் சூடு தணிந்த பிறகே அது மறுபடி எரியும்.

அதனாலேயே ஆள் இல்லாத கோர்ட்டிலும் யாரும் விளக்கை அணைப்பதில்லை. காலையில் போட்டால் இரவு வரை எரியும்.

எவ்வளவு மிச்சம்?

4 கோர்ட், கோர்ட்டுக்கு 6 விளக்கு என்று வைத்துக்கொள்வோம். 400 வாட்ஸ் மெட்டல் ஹாலைடு 24 எரிந்தால் 9.6 கிலோவாட். அதற்குப் பதில் 150 வாட்ஸ் எல்.இ.டி போட்டால் 3.6 கிலோவாட். தினமும் 12 மணி நேரம் என்றால் 72 யூனிட் மிச்சம்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எல்.இ.டி தட்டியவுடன் எரியும், அணைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வயரிங் பழையதுதான்: 4 கோர்ட்டுக்கும் ஒரே சுவிட்ச்! கோர்ட்டுக்கு ஒரு சுவிட்ச் வைத்து, பாதி நேரம் காலியாக இருக்கும் கோர்ட்டுகளை அணைத்தாலே தினமும் இன்னொரு 21 யூனிட் மிஞ்சும். ஏசி உள்ள ஜிம்மில் லாபம் இரட்டிப்பு வழியில் வரும். விளக்கு இழுக்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும், அதை வெளியேற்ற ஏசியும் கூடுதலாக உழைக்கணும்.

எங்கே மாட்டுவது?

ஷட்டிலைப் பார்க்க வீரர் அண்ணாந்துதான் ஆகணும். நேர் மேலே விளக்கு இருந்தால் கண் கூசி பந்து மறையும். அதனால் கோர்ட்டின் இரு பக்கவாட்டிலும் மாட்டுவதே முறை. ஐரோப்பிய தரநிலை சாதாரண ஆட்டத்துக்கு 300 லக்ஸ், பெரிய போட்டிக்கு 750 லக்ஸ் வெளிச்சம் கேட்கிறது. தினசரி பயிற்சிக்கு வருபவர்களுக்குப் போட்டி அளவு வெளிச்சம் போடுவது வீண் செலவு.

யோகா ஹால், மசாஜ் அறையில் இன்னும் குறைவாகவே போதும். ஆனால் நம்ம ஊரில் துணிக்கடை வெளிச்சம்தான் 'ரிச்' என்ற நினைப்பு ஸ்பா வரை வந்துவிட்டது! மல்லாந்து படுப்பவரின் முகத்துக்கு நேரே வெள்ளை பேனல் லைட் இருந்தால் ஓய்வு எங்கே கிடைக்கும்? சுவரில் பட்டுத் திரும்பும் மஞ்சள் ஒளியும் ஒரு டிம்மரும் போதும். உடை மாற்றும் அறை, கழிவறைக்கு ஆள் வந்தால் எரியும் சென்சார் பொருந்தும். சானாவில் மட்டும் கவனம் தேவை. 80 டிகிரி வெப்பத்தில் சாதாரண எல்.இ.டியின் டிரைவர் சீக்கிரம் செத்துவிடும், அதை அறைக்கு வெளியே வைக்கணும்.

இரவு 9 மணிக்கு ஜிம் போகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் சுரப்பை நீலம் கலந்த பளிச் வெளிச்சம் தள்ளிப்போடும். 6500 கெல்வின் விளக்கை அந்த நேரத்தில் மங்கலாக்குவது நல்லது.

மலிவு எல்.இ.டியில் கண்ணுக்குத் தெரியாத மினுக்கல் இருக்கும், வேகமாகப் போகும் ஷட்டில் விட்டுவிட்டுத் தெரியும். சந்தாவுக்குப் பணம் கட்டும் முன் உங்கள் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். மினுக்கல் அதிகம் என்றால் திரையில் விளக்கு துடிப்பது அப்படியே தெரியும்.