வரலாற்றுப் புத்தகத்தை உம்மாவும் விரிக்கலாம்

ஆறாம், ஏழாம் தரத்தில் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலிருந்தால், அதன் வரலாற்றுப் பாடப்புத்தகத்தை ஒருநாள் கையிலெடுத்துப் பாருங்கள். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் டியூசன் தேடி அலையும் நாம், இந்தப் புத்தகத்தை மட்டும் "பாடமாக்கினால் போதும்" என்று பிள்ளையிடமே விட்டுவிடுகிறோம். எங்களில் பலர் படித்த காலத்தில் வரலாறும் புவியியலும் குடியியலும் சேர்ந்து சமூகக்கல்வி என்ற ஒரே பாடமாக இருந்தன. இன்று வரலாறு தனிப் பாடம். சாதாரண தரப் பரீட்சையில் கட்டாய பாடமும்கூட.

"இதில நம்மட ஆக்களப் பத்தி என்ன உம்மா இருக்கு?" என்று பிள்ளை கேட்கலாம். அநுராதபுரம், பொலன்னறுவை, மன்னர்கள், குளங்கள் என்று நீளும் பாடங்கள் அதற்கு யாருடையதோ கதையாகத் தெரிகின்றன. நம் முன்னோரைப் பற்றிப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை என்ற முறைப்பாடு சமூகத்தில் நெடுங்காலமாக உண்டு. அதைக் கேட்கவேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும். ஆனால் புத்தகம் திருந்தும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காதே!

குளங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கலாவாவியைக் கட்டினான். அங்கிருந்து ஏறத்தாழ 87 கிலோமீற்றர் தூரம் ஒரு கால்வாய் அநுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனது. இதைப் பாடமாக்கிய பிள்ளையிடம், "அவ்வளவு பெரிய குளத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டால் கட்டு உடையாதா?" என்று கேளுங்கள். நிறைந்த பீப்பாவின் அடியிலுள்ள குழாயைத் திறந்தால் தண்ணீர் எப்படிச் சீறுகிறது என்று காட்டுங்கள். அந்த வேகத்தை அடக்கத்தான் அணைக்கட்டுக்குள் கிணறு போன்ற சதுரமான அமைப்பைக் கட்டினார்கள். பிசோகொட்டுவ என்று புத்தகத்தில் வரும் கடினமான சொல் இதுதான். குசினியில் ஒருமுறை பார்த்த பிள்ளை அதை எளிதில் மறக்காது.

இங்கேதான் நமக்குத் தெரிந்த இன்னொரு கதை உதவிக்கு வருகிறது. அல்குர்ஆனில் ஸபஉ என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறதல்லவா? அந்த மக்களின் தோட்டங்களையும், அணை உடைந்து வந்த வெள்ளத்தையும் மதரசாவில் கேட்டிருப்போம். அவர்களுடைய அணை யெமன் நாட்டிலுள்ள மஃரிபில் இருந்தது. பலமுறை உடைந்து திருத்தப்பட்ட அந்த அணை 6ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. அதன் கல்மதகுகள் இன்றும் நிற்கின்றன. மஃரிப் கைவிடப்பட்ட அதே காலப்பகுதியில் கலாவாவி நிறைந்து நின்றது என்று சொல்லிப் பாருங்கள். மார்க்கப் பாடமும் வரலாற்றுப் பாடமும் வேறு வேறு உலகமல்ல என்பது பிள்ளைக்குத் தானாக விளங்கும்.

அரபுக் கரைகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் இங்கே கப்பல்கள் வந்தன. தென்மேல் பருவக்காற்றின் துணையோடு வந்து, வடகீழ் பருவக்காற்றில் திரும்பினார்கள். காற்று மாறும்வரை கரையில் தங்கியாகவேண்டும். தங்கிய இடத்தில் உறவும் குடும்பமும் உண்டாயின. அநுராதபுர காலத்தின் பெரிய துறைமுகம் மன்னாரிலுள்ள மாதோட்டம், அதாவது மாந்தை. 1980களில் அங்கு அகழ்ந்தபோது சீனத்துப் பாண்டங்களோடு மேற்காசியாவின் மட்பாண்டங்களும் கிடைத்தன. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழத் தொடங்கிய மன்னார்க் குடும்பங்கள் நமது வாசகிகளிலும் உண்டு. ஊரைக் காணாமலே வளர்ந்த பேரப்பிள்ளைக்கு மாதோட்டம் என்ற பெயர் இரண்டு புள்ளிக்குரிய விடையாக மட்டும் இருக்கலாமா? மூத்தம்மாமார்தான் சொல்லவேண்டும்.

கொழும்புக்குப் போகும்போது கடையோடும் கடற்கரையோடும் திரும்பிவிடாமல் தேசிய நூதனசாலைக்கும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். 1911இல் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அருமை தெரியாமல் அதை ஒரு மதகுக்கு மூடுகல்லாக வைத்திருந்தார்கள்! 1409ஆம் ஆண்டுத் திகதி பொறித்த அந்தக் கல்லைக் கொண்டுவந்தவர் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ. அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீன மொழியில் புத்தரையும், தமிழில் தெவிநுவரையிலிருந்த விஷ்ணுவையும், பாரசீகத்தில் அல்லாஹ்வையும் குறிப்பிட்டு, கொடுத்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது அது. இந்தத் தீவில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பது கடல் கடந்து வந்தவருக்கும் தெரிந்திருந்தது.

பரீட்சைக்கு முந்திய இரவில் ஆண்டுகளை ஒப்புவிக்கச் சொல்லி அதட்டுவதைவிட, ஒரு சாதாரண நாளில் சோறு போட்டுக் கொடுக்கும்போது கேட்டுப் பாருங்கள்: "மகன், மாதோட்டத்துக்கு வந்த கப்பல் எந்தக் காற்றில் வந்தது? ஏன் உடனே திரும்பிப் போகவில்லை?"