தூண்டில் மீன்பிடிக்கச் செல்வோருக்கு ஏற்ற காலணி

வெம்பிளியிலிருந்து தூண்டிலோடு புறப்படும் தமிழர்கள் பெரும்பாலும் இரண்டு வகையான இடங்களுக்குச் செல்கின்றனர். ஒன்று, அல்பேர்ட்டன் வழியாகச் செல்லும் கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளை. மற்றொன்று, வார இறுதியில் காரில் சென்றடையும் சவுத்எண்ட், ஹேஸ்டிங்ஸ் போன்ற கடற்கரைகள். தூண்டிற்கோலுக்கும் இரைக்கும் தாராளமாகச் செலவு செய்பவர்கள்கூட, காலில் மட்டும் வீட்டுப் பாட்டாவையோ தேய்ந்துபோன பழைய சப்பாத்தையோ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகின்றனர். வழுக்கி விழுதல், குளிரால் கால் மரத்துப்போதல், ஆறாத புண் ஆகிய மூன்றும் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

இதற்கு நம்முடைய பழக்கமும் ஒரு காரணம். பருத்தித்துறையிலும் மன்னாரிலும் நாகப்பட்டினத்திலும் கரைவலை இழுப்போர் வெறுங்காலோடுதான் மணலில் நின்றனர். அங்கே கடலும் மணலும் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானவை. ஆகவே அப்பழக்கம் அந்நிலத்துக்குப் பொருந்தியது. இங்கிலாந்தின் கடல்நீரோ குளிர்காலத்தில் 10 பாகை செல்சியசுக்கும் கீழே செல்கிறது. இங்கு நனைந்த கால் எளிதில் காய்வதில்லை.

கால்வாய்க் கரையில்

பாடிங்டன் கிளை 1801ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அந்நாளில் குதிரைகள் படகுகளை இழுத்துச் சென்ற பாதையே இன்று நாம் நடந்து செல்லும் கரைப்பாதை. கரையின் விளிம்பில் பதித்த கற்களிலும் சிமெந்திலும் பாசி படிந்திருக்கும். இலையுதிர்காலத்தில் அதன்மேல் அழுகிய இலைகளும் சேர்ந்துவிட்டால் தட்டையான அடியுள்ள எந்தக் காலணியும் வழுக்கும். எனவே இங்கே ஆழமான வரிப்பள்ளங்கள் கொண்ட இறப்பர் அடியும், கணுக்காலை இறுகப் பிடிக்கும் உயரமும் உள்ள நடைச் சப்பாத்தே போதுமானது. கால்வாயில் இறங்கி நிற்கும் தேவையே இல்லாததால் முழங்கால்வரை உயர்ந்த பூட்ஸ் கட்டாயமன்று. மழைநாளில் மட்டும் அது உதவும்.

திறந்த செருப்பைத் தவிர்ப்பதற்கு வழுக்கல் மட்டுமே காரணமன்று. முன்னர் வந்தவர்கள் விட்டுச் சென்ற தூண்டில் முட்களும் உடைந்த கண்ணாடித் துண்டுகளும் புல்லுக்குள் மறைந்திருக்கும். இலங்கையில் வயலில் இறங்குவோர் அஞ்சும் எலிக்காய்ச்சல் இந்நாட்டில் அரிதாயினும் இல்லாமற்போகவில்லை. எலியின் சிறுநீர் கலந்த நன்னீர், காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் நோயைக் கொண்டுவரலாம். காயங்களை நீர்புகாத ஒட்டுத்துணியால் மூடிய பின்னரே காலணியை அணியுங்கள். மீன்பிடித்து வந்த ஓரிரு வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைவலியும் தோன்றினால், நன்னீர்க் கரையில் இருந்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். நீங்கள் கூறாவிட்டால் அவர் அதைச் சாதாரணத் தடிமன் காய்ச்சல் என்றே கருதக்கூடும்.

கடற்கரையில்

கடற்கரை என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து வேறுபட்ட தரைகள் அடங்கியுள்ளன. ஹேஸ்டிங்சின் கரை பெரும்பாலும் கூழாங்கற்கள். அங்கே தளர்ந்த இறப்பர் பூட்ஸ் அணிந்து நடந்தால் கணுக்கால் அடிக்கடி பிரளும். விறைத்த அடியும் இறுகிய கயிறும் உள்ள சப்பாத்தே நல்லது. சவுத்எண்டின் பாலம் ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. அதன் நுனிவரை நடக்க விரும்புவோருக்குக் கனத்த பூட்ஸ் வெறும் சுமை.

சவுத்எண்டுக்கு அருகிலுள்ள தேம்ஸ் கழிமுகத்துச் சேறு இவை எல்லாவற்றினும் ஆபத்தானது. கடல் வற்றிய வேளையில் உறுதியான தரைபோல் தோன்றும் அச்சேறு பூட்ஸை விழுங்கிக்கொள்ளும். வற்றிய கடலோ விரைவாகத் திரும்பிவரும். எந்தக் காலணியும் இதற்குத் தீர்வன்று. அங்கே இறங்காதிருப்பதே வழி. தவறிச் சிக்கினால், பின்புறமாகச் சாய்ந்து உடலின் பாரத்தைப் பரப்பிக்கொண்டு, 999 எண்ணை அழைத்துக் கடலோரக் காவற் படையைக் கேளுங்கள். பூட்ஸைக் காப்பாற்ற முயலாதீர்கள்.

கோடையில் மணற்கரையின் ஆழமற்ற நீரில் நிற்போருக்கு வீவர் மீனை அறிந்திருத்தல் அவசியம். மணலுக்குள் புதைந்து கிடக்கும் இச்சிறு மீனின் முதுகு முட்களில் நஞ்சு உண்டு. நம் ஊர்க் கடலில் திருக்கையை மிதித்தவர்களின் வேதனையை நினைத்துப் பார்த்தால் இதன் இயல்பு விளங்கும். கெட்டியான அடியுள்ள நீர்ச்சப்பாத்து பெரும்பாலான குத்துகளைத் தடுக்கும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காலைக் குறைந்தது 30 நிமிடம் வைத்திருத்தல் வேண்டும்.

ஆற்றில் இறங்கி மீன்பிடிப்போர் மார்புவரை உயர்ந்த நீர்காப்பு ஆடையை அணிவதுண்டு. அதற்குள் நீர் புகுந்தால் அது மனிதரை அடிக்கு இழுத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில், நீருக்குள் இருக்கும்போது உள்ளே புகுந்த நீர் பாரமாவதில்லை. கரையேற முயலும்போதே அது பாரமாகிறது. ஆகவே இடுப்புப் பட்டியை இறுகக் கட்டி, உயிர்காப்பு அங்கியும் அணிய வேண்டும். நீரில் விழுந்தவர் முதலில் நீந்த முயலாது, மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்ள வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்திற்கு

தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். நம்மில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவருக்காவது இந்நோய் இருக்கக் காண்கிறோம். ஓய்வுபெற்றபின் தூண்டிலை எடுப்போர் பலரும் இதே வயதினர். இதனால் இப்பகுதியைச் சற்று விரிவாகக் கூறுவது தகும்.

நீண்டகால நீரிழிவு கால் நரம்புகளின் உணர்வைக் குறைக்கிறது; குருதியோட்டத்தையும் குறைக்கிறது. சப்பாத்துக்குள் புகுந்த ஒரு சிறு கல்லை நான்கு மணிநேரம் மிதித்துக்கொண்டிருந்தும் அவர் உணராமல் இருக்கலாம். ஈரத்தில் ஊறிய தோல் உரியும். உரிந்த இடம் புண்ணாகும். குருதியோட்டம் குறைந்த காலில் அப்புண் ஆறத் தாமதிக்கும். கால்விரலையோ காலையோ அகற்ற நேர்ந்த பலருக்குத் தொடக்கம் இத்தகைய ஒரு சிறு புண்ணே.

ஆகவே காலணியை அணியுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். மாற்றுக் காலுறை இரண்டு சோடி எடுத்துச் செல்லுங்கள்; நனைந்தவுடன் மாற்றுங்கள். புதிய பூட்ஸை முதன்முதலாக மீன்பிடிக்கும் நாளன்று அணியாமல், சில நாள் வீட்டில் சிறிது நேரம் அணிந்து பழகுங்கள். காலைச் சூடாக்கும் பைகளைப் பயன்படுத்தலாகாது. உணர்வற்ற தோல் வெந்துபோவது தெரியாது. வீவர் மீன் குத்திய காலுக்கான வெந்நீரையும் உடன்வந்தவரே கைவைத்துச் சோதிக்கட்டும். வீடு திரும்பியதும் இரு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய இயலாதவர் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். புண்ணோ நிறமாற்றமோ தெரிந்தால் அன்றே உங்கள் மருத்துவரையோ பாத சிகிச்சைப் பிரிவையோ தொடர்புகொள்ளுங்கள். அலுவல் நேரம் கடந்துவிட்டால் 111 எண்ணை அழையுங்கள். 12 வயதும் அதற்கு மேலுமான நீரிழிவு நோயாளர் அனைவருக்கும் ஆண்டுதோறும் இலவசப் பாதப் பரிசோதனை உண்டு.

வாங்கும்போது

மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அவ்வேளையில், அணியப்போகும் தடித்த காலுறையோடு கடைக்குச் செல்லுங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்றிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். இரண்டு காலுறைகளைத் திணித்து அணிந்தால் வெப்பம் கூடுவதில்லை. இறுக்கம் குருதியோட்டத்தைத் தடுப்பதால் குளிரே கூடும். பருத்தியைவிடக் கம்பளி சிறந்தது. குளிர்காலத்தில் அசையாமல் அமர்ந்திருப்போருக்குக் குளிர் தரையிலிருந்து அடிவழியாகவே ஏறுகிறது. விலையுயர்ந்த பூட்ஸைவிட, காலடியில் போட்ட ஒரு பழைய கம்பளத் துண்டு அதிகம் உதவுவதும் உண்டு.

கம்பளி நார் ஒட்டிய அடியுள்ள காலணிகளை வாங்காதிருப்பது நல்லது. அவை வழுக்காவிடினும் எளிதில் காய்வதில்லை. ஒரு நீர்நிலையின் நுண்ணுயிர்களை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்கின்றன. நியூசிலாந்து இக்காரணத்தினாலேயே 2008இல் அவற்றைத் தடைசெய்தது. எந்தக் காலணியாயினும் திரும்பும் முன் சேற்றையும் செடித்துண்டுகளையும் அகற்றி, வீட்டில் வெந்நீரால் கழுவி, முற்றாகக் காயவிடுங்கள். ஹீட்டரின் மேல் வைத்தால் இறப்பர் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

இங்கிலாந்தின் நன்னீரில் தூண்டில் போடுவோர் 13 வயதோ அதற்கு மேலோ ஆனவராயின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். 13 முதல் 16 வயதுவரை உரிமம் இலவசம். அரசின் இணையத்தளத்தில் அதனைப் பெறலாம். உரிமமின்றிப் பிடிபட்டால் 2,500 பவுண்வரை அபராதம் விதிக்கப்படலாம். உரிமத்தோடு, அந்நீர்நிலையின் உரிமையாளரது அனுமதியும் தேவை. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை சாதாரண நன்னீர் மீன்களைப் பிடிக்கத் தடையுள்ளது.